நெமெஸிஸும் வயிற்றெரிச்சலும்

1

நம் விமர்சனக் கட்டுரைகளில் கிரேக்கப் பெயர்கள் வந்து போகிற வேகம் கவலை தருகிறது. ஒரு நாவலில் கெட்டவன் கடைசி அத்தியாயத்தில் லாரியில் அடிபட்டுச் சாகிறான். விமர்சகர் 'நெமெஸிஸ்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறார். சிலப்பதிகாரத்தின் ஊழுக்கும் இதே வார்த்தை. ஆங்கிலத் தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு பாட்ஸ்மனைத் திரும்பத் திரும்ப அவுட்டாக்குகிற பௌலருக்கும் இதே வார்த்தை. பி.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்ததும் இந்த அளவில்தான்: முதலில் அகந்தை, அப்புறம் நெமெஸிஸ். பரீட்சைக்கு இது போதுமாக இருந்தது. கிரேக்கர்களைப் படிக்கப் போதவில்லை.

ஊழ் யாருடைய உணர்ச்சியும் அல்ல. அது தன்பாட்டுக்கு நடக்கும். பார்ப்பவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். நெமெஸிஸோ பார்க்கிறவன் ஒருவன் இல்லாமல் பிறக்கவே முடியாத தெய்வம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை. இலக்கிய விமர்சனம் என்கிற காரியத்தில் ஈடுபட்டிருப்பவனுக்கு அவள் முக்கியமாகிறதும் இந்த இடத்தில்தான்.

2

ஹோமரில் நெமெஸிஸ் தெய்வம் அல்ல; ஒரு சாதாரணப் பெயர்ச்சொல். பங்கிட்டுக் கொடுத்தல் என்ற பொருளுள்ள வினையடியிலிருந்து வந்தது. யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவு மீறப்படும்போது பார்த்துக்கொண்டிருப்பவன் நெஞ்சில் ஏற்படுகிற கொதிப்பு நெமெஸிஸ். இதற்கு ஜோடியாக வருகிற இன்னொரு சொல் ஐடோஸ். குறள் 'நாணுடைமை' என்று ஒரு அதிகாரம் வைத்திருக்கிறதே, ஏறக்குறைய அந்த நாணம். ஐடோஸ் செய்கிறவனை உள்ளேயிருந்து தடுக்கிறது. நெமெஸிஸ் பார்க்கிறவனிடமிருந்து வருகிறது. இலியட் பதின்மூன்றாம் காண்டத்தில் கப்பல்களுக்கருகே பின்வாங்கி நிற்கும் கிரேக்கர்களிடம் கடல் தெய்வமான போஸைடன் இந்த இரண்டையும் சேர்த்தே நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். ஒன்று போனால் மற்றது நிற்காது.

ஒடிஸி இரண்டாம் காண்டத்தில் இது இன்னும் துல்லியமாக வருகிறது. இதாகாவின் சபை கூடுகிறது. ஒடிஸியஸ் திரும்பவில்லை. அவன் மனைவியை மணக்க வந்தவர்கள் வருஷக்கணக்காக அவன் வீட்டிலேயே தின்று தீர்க்கிறார்கள். மகன் டெலிமாக்கஸ் அழாத குறையாக ஊர்க்காரர்களிடம் கேட்பது உங்களுக்கே நெமெஸிஸ் வரவில்லையா, அக்கம்பக்கத்தாரை நினைத்து நாணம் வரவில்லையா என்றுதான். யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு மென்டர் என்கிற முதியவர் எழுந்து பேசுகிறார். அந்த வீட்டைத் தின்கிறவர்கள் மேல் தனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவர்கள் தலையைப் பணயம் வைத்துத் தின்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்தும் வாய் திறக்காத உங்கள் மேல்தான் எனக்கு நெமெஸிஸ் என்கிறார். கிரேக்க இலக்கியம் முழுவதிலும் இந்த வார்த்தை இதைவிடச் சரியான இடத்தில் விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதாகாவின் சபையை நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். கவுன்ட்டருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் டோக்கனோடு நிற்பார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நேராக மானேஜர் அறைக்குள் போவார். ஐந்து நிமிஷத்தில் அவருடைய செலான் உள்ளேயிருந்து என் மேஜைக்கு வரும். வரிசையில் ஒரு முனகல் எழும். யாராவது ஒரு கிழவர், பெரும்பாலும் பென்ஷன்காரர், "நாங்கள்ளாம் மனுஷங்க இல்லியா சார்?" என்பார். மற்றவர்கள் தங்கள் பாஸ்புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தன் முறை வந்தவுடன் முனகியவரும் முனகலை மறந்துவிடுகிறார். அந்தச் செலானுக்கு முதலில் முத்திரை குத்துகிறவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹெஸியாடில் இந்த உணர்ச்சி தெய்வமாகிறது. ஆனால் தெளிவில்லாமல் ஆகிறது. 'தியாகனி'யில் அவள் இரவின் மகள், மனிதர்களுக்குத் துன்பமாகப் பிறந்தவள். வஞ்சனை, மூப்பு, பூசல் இவர்களோடு கூடப் பிறந்தவள். அதே கவிஞனின் 'வேலைகளும் நாட்களும்' நூலில் நிலைமை தலைகீழ். இரும்பு யுகத்தின் முடிவில் ஐடோஸும் நெமெஸிஸும் வெள்ளை ஆடையால் உடலைப் போர்த்திக்கொண்டு மனிதர்களைக் கைவிட்டு ஒலிம்பஸுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு தீமைக்கு மாற்று இல்லை. ஒரு நூலில் அவள் வந்தது துன்பம், இன்னொன்றில் அவள் போவது துன்பம். இதை முரண்பாடு என்று பண்டிதர்கள் தீர்க்கப் பார்ப்பதுண்டு. எனக்கு இது முரண்பாடாகப் படவில்லை. பிறர் பங்கைப் பார்த்துக் கொதிக்கிற மனசு அதை உடையவனுக்கே ஒரு துன்பம். அது இல்லாத ஊர் இதாகா.

3

நெமெஸிஸைப் பற்றி உள்ள ஒரே பெரிய கதை அவளை ஹெலனின் தாயாக்குகிற கதை. ஹெலனுக்குத் தாய் லீடா, தந்தை அன்னப்பறவை வடிவில் வந்த ஜீயஸ் என்பது எல்லோரும் அறிந்தது, ஓவியங்களில் கண்டது. 'சிப்ரியா' என்கிற, முழுசாகக் கிடைக்காத பழைய காவியத்தில் தாய் நெமெஸிஸ். ஜீயஸ் துரத்துகிறான். அவள் மறுக்கிறாள். கடலில் மீனாகிறாள், நிலத்தில் கண்ட கண்ட மிருகங்களாகிறாள், ஓடுகிறாள். ஓடும்போது அவள் நெஞ்சை நாணமும் நெமெஸிஸும் வாட்டுவதாகக் கவி சொல்கிறான். அதாவது நெமெஸிஸே நெமெஸிஸை உணர்கிறாள். தெய்வத்தின் பெயரும் உணர்ச்சியின் பெயரும் ஒன்றாக இருப்பதில் கவிக்குச் சங்கடம் எதுவும் இல்லை. கடைசியில் அவள் தப்பவில்லை. பிற்கால ஆசிரியர்கள் சொல்லும் வடிவில் அவள் வாத்தாகிறாள், அவன் அன்னமாகிறான். முட்டை லீடாவின் கைக்குப் போய்ச் சேருகிறது.

பங்கீட்டின் அளவைக் காக்க வேண்டியவள், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறவனால் அளவு மீறப்பட்டவளாகிறாள். பிறந்த குழந்தையின் பொருட்டு பத்து வருஷ யுத்தம் நடக்கிறது. இதை அழகைப் பற்றிய உருவகம் என்று சுருக்கினால் நஷ்டம் நமக்குத்தான். அழகு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு கசப்பான பதிலைச் சொன்ன கதை அதிகமில்லை.

இந்தக் கதையை மனசில் வைத்துக்கொண்டு இலியட் மூன்றாம் காண்டத்துக்குப் போக வேண்டும். டிராய் நகரத்து மதில் மேல் கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெலன் வருகிறாள். அவர்கள் தங்களுக்குள் மெல்லச் சொல்லிக்கொள்வது, இப்படிப்பட்டவளுக்காக இரண்டு படைகளும் இத்தனை காலம் அல்லல்படுவதில் 'நெமெஸிஸ் இல்லை' என்று. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஹோமருக்கு ஹெலன் நெமெஸிஸின் மகள் அல்ல. அவர் அந்தக் கதையைச் சொல்வதே இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு முன்னால்தான் அந்த வார்த்தை வாபஸ் பெறப்படுகிறது. அழகு பார்ப்பவனின் கொதிப்பை அணைத்துவிடுகிறது. கிழவர்கள் அடுத்த வரியிலேயே சுதாரித்துக்கொள்கிறார்கள்: இருந்தாலும் இவள் கப்பலேறிப் போய்விடட்டும், நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கேடாக இங்கே இருக்க வேண்டாம். ரஸனை ஒரு வரி, நியாயம் ஒரு வரி. ஒன்றை இன்னொன்றால் அழிக்காமல் இரண்டையும் சொல்ல முடிந்த அந்தக் கிழவர்களை விமர்சகர்கள் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

4

அவளுக்கு முக்கியமான கோயில் அட்டிகாவின் வடகிழக்குக் கரையில், மாரத்தானுக்கு வடக்கே, ரம்னூஸ் என்ற சிற்றூரில் இருந்தது. இங்கே அவள் காவியத்தை விட்டு ஊருக்குள் இறங்குகிறாள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு அவளுடைய பணத்தின் வருஷாந்தரக் கணக்கு. தெய்வம் கடன் கொடுத்திருக்கிறாள். கடன்கள் 200 திராக்மா, 300 திராக்மா என்று நிர்ணயித்த தொகைகளில் போயிருக்கின்றன. மொத்தம் 50,000 திராக்மாவுக்கு மேல். புராணப் புத்தகங்களில் இந்தச் சேதி இருக்காது. எனக்கு இது ஹெஸியாடுக்குச் சமமான சேதி. பங்கிட்டுக் கொடுப்பவள் என்ற பெயருக்கு நேரான அர்த்தத்தில் அவள் பங்கிட்டிருக்கிறாள். யாருக்கு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று கல்லில் வெட்டி ஊர் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

கோயில் கட்டியது அதற்குச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய கி.மு. 430-420. அதனுள் இருந்த பளிங்குச் சிலையைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு.

முதல் கதை பாஸனியஸ் சொல்வது. கி.மு. 490-ல் மாரத்தானுக்கு வந்த பாரசீகர்கள் வெற்றி நிச்சயம் என்று நினைத்து, வெற்றிச் சின்னம் செதுக்குவதற்காகப் பாரோஸ் தீவின் பளிங்குப் பாறையைக் கையோடு கொண்டுவந்தார்கள். தோற்றார்கள். அந்தப் பாறையில் பீடியாஸ் நெமெஸிஸைச் செதுக்கினார். தலையில் மான்களும் சிறு வெற்றித் தெய்வங்களும் கொண்ட மகுடம், இடது கையில் ஆப்பிள் கிளை, வலது கையில் எத்தியோப்பியர்கள் பொறித்த கிண்ணம். எத்தியோப்பியர்கள் ஏன் என்று தனக்கு விளங்கவில்லை என்று பாஸனியஸே ஒப்புக்கொள்கிறார். பீடத்தில் லீடா ஹெலனை நெமெஸிஸிடம் அழைத்துவரும் காட்சி: வளர்த்தவள் பெற்றவளிடம் கொண்டுவருகிறாள்.

இந்தக் கதை ஜெயித்தவர்களின் கதை. அகந்தை எதிராளியிடம் இருந்தது, தெய்வம் நம் பக்கம் இருந்தது. சொல்கிற காலத்தைக் கவனிக்க வேண்டும். பாரசீகர்களுக்கு எதிராகச் சேர்ந்த கூட்டணியின் பொக்கிஷத்தை ஏதென்ஸ் கி.மு. 454-ல் டீலோஸ் தீவிலிருந்து தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. கூட்டாளிகள் கப்பம் கட்டுகிறவர்களாகிவிட்டார்கள். அந்த ஏதென்ஸ்தான் அளவு மீறாமையின் தெய்வத்துக்குக் கோயில் எழுப்பியது. தூண்களின் பள்ளக்கோடுகளை முழுக்கச் செதுக்காமலே வேலை நின்றுவிட்டது. ஸ்பார்ட்டாவோடு மூண்ட யுத்தம்தான் காரணம் என்பது பொதுவான அபிப்ராயம். தன் நெமெஸிஸைத் தானே பார்க்கக்கூடிய இடத்தில் எந்த ஸாம்ராஜ்யமும் உட்கார்ந்திருப்பதில்லை.

இரண்டாவது கதை ரோமானியரான பிளினி சொல்வது. செதுக்கியது பீடியாஸ் அல்ல. அவருடைய மாணவன் அகொராகிரிட்டஸ், பாரோஸ் தீவுக்காரன். பீடியாஸின் இன்னொரு மாணவன் அல்கமெனஸ், ஏதென்ஸ்காரன். இருவருக்கும் காதல் தெய்வத்தின் சிலை செய்வதில் போட்டி. அல்கமெனஸ் ஜெயித்தான். வேலையின் தரத்தால் அல்ல, வெளியூர்க்காரனுக்கு எதிராக உள்ளூர்க்காரனுக்கு விழுந்த ஓட்டுகளால் என்கிறார் பிளினி. அகொராகிரிட்டஸ் தன் சிலையை ஏதென்ஸில் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்றான். அதற்கு 'நெமெஸிஸ்' என்று பெயரை மாற்றினான். அது ரம்னூஸுக்குப் போயிற்று. எல்லாச் சிலைகளையும்விட அதையே வாரோ உயர்வாக மதித்தான் என்றும் பிளினி சேர்க்கிறார்.

இது நடந்திருக்காது. கையில் ஆப்பிள் கிளையும் முகத்தில் காதல் தெய்வத்தின் சாயலும் இருந்ததற்கு யாரோ பிற்பாடு கற்பித்த காரணமாக இருக்கலாம். ஆனால் பாரசீகப் பாறையைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. பரிசு கிடைக்காத படைப்பாளி தோற்ற படைப்புக்கு வைக்கிற பெயர் நெமெஸிஸ். ஒரு சிறுபத்திரிகையின் முகப்பில் எழுதி ஒட்டத் தகுந்த கதை. அதனாலேயே இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

5

ஏனென்றால் அகொராகிரிட்டஸுக்கு வந்தது நெமெஸிஸ்தானா?

அரிஸ்டாட்டில் 'நிகோமாகிய அறவியல்' இரண்டாம் பகுதியில் சில வரிகளில் இதைப் பிரித்துக் காட்டுகிறார். தகுதியற்றவனுக்கு நல்லது நடப்பதைக் கண்டு நோகிறவன் நெமெஸிஸ் உள்ளவன். யாருக்கு நல்லது நடந்தாலும் நோகிறவன் பொறாமைக்காரன். பிறர் கெடுவதில் நோகாமல் சந்தோஷப்படுகிறவன் இன்னொரு கோடியில் இருப்பவன். நெமெஸிஸ் நடுவில் இருப்பது. இதைப் பின்னால் பேசச் சந்தர்ப்பம் வரும் என்று சொல்லி நகர்கிறார். அந்த நூலில் வெட்கத்தைப் பற்றிப் பேச வருகிறார், நெமெஸிஸுக்குத் திரும்புவதில்லை. அணியியல் நூலில்தான் அதை விரிக்கிறார். அங்கே ஒரு உரைகல்லும் கிடைக்கிறது: பொறாமை நமக்குச் சமமானவர்கள் மேல் வருவது. வயசில், இடத்தில், பெயரில் நம்மோடு கிட்டத்தில் இருப்பவர்கள் மேல். குயவனுக்குக் குயவன் மேல், பாடகனுக்குப் பாடகன் மேல் என்று ஹெஸியாட் முன்னமே சொன்னதுதான்.

இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் சுடுகின்றன. சூட்டை வைத்துப் பிரிக்க முடியாது. 'அறச்சீற்றம்' என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் இவ்வளவு தாராளமாக உபயோகிக்கிறோம்; அந்தச் சொல்லில் சீற்றம் இருக்கிறது, அளவு இல்லை. யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கு இல்லாத சீற்றம் அழுக்காற்றிலிருந்து எப்படி வேறுபடும்?

என் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுதிக்கு ஒரு பரிசு வந்தது. நான் ஒரு பத்திரிகையில் ஆறு பக்கம் எழுதினேன். படிமங்கள் இரவல், மொழி சோனி, பரிசு கொடுத்தவர்களுக்கு ரஸனை கிடையாது. தரத்துக்காகப் பேசுகிறோம் என்று நிச்சயமாக நம்பினேன். கடிதங்கள் வந்தன, பாராட்டினார்கள். அரிஸ்டாட்டிலின் உரைகல்லை இப்போது அதில் உரசிப் பார்க்கிறேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயசு. ஒரே ஜில்லா. இரண்டு பேரும் ஒரே பத்திரிகைகளுக்குத்தான் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தோம். அதே வருஷம் அவரைவிட நூறு மடங்கு போலியான எழுத்துக்கு, நூறு மடங்கு பெரிய மரியாதைகள் நடந்தன. அதைப் பற்றி நான் ஒரு கார்டுகூட எழுதவில்லை. அந்த எழுத்தாளர்கள் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அங்கே நான் பாஸ்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

விமர்சனம் நெமெஸிஸின் வேலை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தகுதியில்லாதது தூக்கி வைக்கப்படும்போது ஒருவனாவது மென்டரைப் போல எழுந்து பேச வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு நுழைவுச்சீட்டு கோபம் அல்ல. தன் கோபத்தின் கணக்கைப் பிறர் பார்க்க வெட்டி வைக்கிற தைரியம். இந்தப் படைப்புக்கு இவ்வளவு சேரும், இதற்குமேல் சேராது, இதற்குக் கீழேயும் சேராது. மூன்றாவதைச் சொல்லாத விமர்சகனை நம்பக் கூடாது.

6

அவளுடைய பிற்காலம் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. ரோமானியர் காலத்தில் கையில் அளவுகோலும் காலடியில் சக்கரமும் வருகின்றன; அதிர்ஷ்ட தேவதையோடு கலந்துபோகிறாள். இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள கார்னுண்டம் போன்ற இடங்களில், மனிதர்கள் மோதிச் சாகிற அரங்குகளை ஒட்டி அவளுக்குச் சன்னிதி. பார்க்கிறவனின் தெய்வம் வேடிக்கை பார்க்கிறவனின் தெய்வமாகிவிட்டாள். ரம்னூஸ் கோயிலைக் கி.பி. முதல் நூற்றாண்டில் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு அர்ப்பணித்து உத்தரத்தில் எழுத்து வெட்டினார்கள். நெமெஸிஸ் என்ற சொல்லுக்கு நம் கட்டுரைகளில் இருக்கிற பொருள் இந்தக் காலத்துச் சக்கரத்திலிருந்து வந்தது, ஹோமரிடமிருந்து வந்ததல்ல.

சிலை பின்னாளில் சுக்கல் சுக்கலாக உடைக்கப்பட்டது. தலையின் ஒரு துண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போயிற்று. மீதித் துண்டுகளை அடையாளம் கண்டு, இது அகொராகிரிட்டஸின் சிலைதான் என்று நிறுவி 1971-ல் புத்தகம் வெளியிட்டவர் கிரேக்கத் தொல்லியலாளர் டெஸ்பினிஸ். கல் பாரோஸ் தீவின் பளிங்குதான். ஆக, இரண்டு கதைகளிலும் ஒவ்வொரு பாதி நிற்கிறது: கல் முதல் கதையுடையது, கை இரண்டாம் கதையுடையது. அல்கமெனஸ் பரிசு வாங்கியதாகச் சொல்லும் சிலையை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. ஓட்டுப் போட்டவர்கள் பாரபட்சமாக நடந்தார்களா, அகொராகிரிட்டஸுக்கு வந்தது வெறும் வயிற்றெரிச்சலா என்று இனி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என் விஷயத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. அந்தத் தொகுதி என் அலமாரியில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதை மறுபடி எடுத்து இரண்டு தடவை படித்தேன். பல கவிதைகளைப் பற்றி நான் எழுதியதை மாற்ற அவசியமில்லை, படிமங்கள் இரவல்தான். நான்கு கவிதைகள் நிற்கின்றன. ஆறு பக்கத்தில் அந்த நான்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் தடவை படித்த அன்று அந்த நான்கின் பக்க ஓரத்திலும் பென்சிலால் நான் போட்ட கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது.